கம்ப்யூட்டர்ல சாம்பல்தான் தெரிஞ்சது

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்போடவே வாங்க, பரவாயில்லை. மதுரையில இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? உக்காருங்க, காப்பி சொல்லியிருக்கேன். இது ஜெயக்கொடி, பதினாறு வருசமா நம்ம கடையில வேலை பாக்குது. என்ன வேணும்னாலும் இதுகிட்டக் கேளுங்க. கம்ப்யூட்டர் அந்தா, கல்லாவுக்குப் பக்கத்துல. அதைத் தொடுறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேட்டுக்கங்க.

எனக்கு அதைச் சரி பண்ண வேண்டாம். சரி பண்றேன்னு ஏற்கெனவே மூணு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க. நீங்க பெரிய பெரிய போட்டோ லேபுக்கெல்லாம் ஸ்கிரீன்ல கலர் பாத்துக் குடுக்கிறவர்னு சொன்னாங்க, அதான் கூப்பிட்டேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். உங்க லெட்டர் பேடுல, உங்க கையெழுத்தோட, 'இந்தக் கம்ப்யூட்டர் கலரைத் தப்பாக் காட்டுது, கடைக்காரர் மேல குத்தம் இல்லை'ன்னு எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான். அதை எடுத்துக்கிட்டு நான் சின்னாளபட்டிக்குப் போகணும். போயி என் பொண்டாட்டி மூஞ்சிக்கு நேரா நீட்டணும்.

சிரிக்காதீங்க தம்பி. நாப்பத்தோரு நாளாச்சு அவ அண்ணன் வீட்டுக்குப் போயி. திண்டுக்கல்லுக்கும் சின்னாளபட்டிக்கும் எவ்வளவு தூரம்? டவுன் பஸ்ஸுல அரை மணி நேரம். நானும் போகலை, அவளும் வரலை. அவ அண்ணன் போன் பண்ணி, தவமணி ஒரே ஒரு வார்த்தைதான் கேக்குது மாப்ளைன்னாரு. என்ன வார்த்தைன்னு கேட்டேன். அன்னைக்கு யார் யார் முன்னாடி அவளைச் சொன்னேனோ, அத்தனை பேர் முன்னாடியும், தப்பு என்னுதுன்னு சொல்லணுமாம். சொன்னா அடுத்த பஸ்ஸுல வருவாளாம். நான் ஏன் சொல்லணும்? தப்புப் பண்ணது மெஷினு. பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்னா எப்படி?

நம்ம கடை மேட்சிங் சென்டர். போர்டு பாத்திருப்பீங்க. சேலை விக்கிறதில்லை. ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ், அவ்வளவுதான். பொம்பளைங்க சேலையை எங்க வேணும்னாலும் எடுப்பாங்க. காஞ்சிபுரம் போவாங்க, ஆரணி போவாங்க. ஆனா அதுக்கு ஒட்டுன மாதிரி ரவிக்கைப் பிட்டு வேணும்னா சேலையைத் தூக்கிக்கிட்டு இங்கதான் வரணும். நாலு பிட்டை எடுத்துச் சேலை மேல வைப்போம். அவங்க அதை அப்படியே அள்ளிக்கிட்டு வாசலுக்குப் போயி வெயில்ல வச்சுப் பாப்பாங்க. வெயில்ல பாக்காம பிட்டு எடுத்த பொம்பளை இந்த ஊர்ல இன்னும் பொறக்கலை. கடைக்குள்ள பகல் மாதிரி லைட்டு போட்டிருக்கேன், அப்பவும் வாசலுக்குத்தான் போறாங்க.

நானூத்திப் பன்னெண்டு ஷேடு வச்சிருக்கோம் தம்பி. எல்லாத்துக்கும் நம்பர். அந்தா பாருங்க, ஒவ்வொரு துணிக்கும் ஓரத்துல வெள்ளை நாடா தச்சு நம்பர் எழுதியிருக்கு. எங்க அப்பா காலத்துல இதெல்லாம் கிடையாது. பச்சைக்கு ஒரு தட்டு, செவப்புக்கு ஒரு தட்டுன்னு அடுக்கியிருப்பாரு. இந்த நம்பர் போட்டதெல்லாம் தவமணிதான். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. அவங்க வீட்டுல சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுறவங்க. கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு மாசம் கடையில வந்து சும்மா நின்னா. நான் பிட்டு எடுத்துப் போடுவேன், வந்தவங்க 'இது இல்லைண்ணே, வேற'ம்பாங்க. இன்னொண்ணு போடுவேன், அதுவும் இல்லைம்பாங்க. அந்தக் காலத்து வாடிக்கைக்காரங்களுக்கு நொட்டை சொல்றதே பொழப்பு. இவ எல்லாத்தையும் பாத்துக்கிட்டே நின்னா. அடுத்து வந்த ஆடி மாசம், நாங்க ஈ ஓட்டிக்கிட்டு இருந்தப்ப, ஒரு வாரம் உக்காந்து நாடா தச்சு எல்லாத்துக்கும் நம்பர் எழுதிட்டா.

அதுல இருந்து இந்தக் கடையில யாரும் என்கிட்டப் பச்சை செவப்புன்னு பேசுறதே இல்லை. சேலையை இவங்க பாப்பாங்க, என்னைப் பாத்து 'அண்ணே, நூத்தி நாப்பத்தேழு', 'அண்ணே, முன்னூத்தி மூணு'ன்னு குரல் குடுப்பாங்க. மிலிட்டரி மாதிரி இருக்கும். நூத்தி நாப்பத்தேழு மாம்பழ மஞ்சள். முன்னூத்தி மூணு மயில் கழுத்து. எண்பத்தெட்டு ரோஸ். இருநூத்தி முப்பத்தொண்ணு சாம்பல். நீங்க எந்த நம்பரை வேணும்னாலும் கேளுங்க தம்பி, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துத் தர்றேன். இருபத்திரண்டு வருச சர்வீஸு. அதனாலதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது, கலரைப் பத்தி என்கிட்டயே பேச வந்துட்டாளேன்னு.

இந்த வெப்சைட்டு எங்க மக நிவேதா போட்டுக் குடுத்தது. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்குது. வெளியூர்க்காரங்க சேலையைப் போட்டோ எடுத்து அதுல ஏத்தினா, நாங்க இங்க ஸ்கிரீன்ல பாத்து, ஒட்டுற பிட்டை வெட்டிக் கூரியர்ல அனுப்பிருவோம். எவ்வளவு நல்ல விசயம்? தவமணி என்ன சொன்னா தெரியுமா? நூல் இல்லாம முடியாதுன்னுட்டா. முந்தியில இருந்து ஒரு இழை உருவிக் கவர்ல போட்டு அனுப்பச் சொல்லுங்க, அதை வெயில்ல வச்சுப் பாத்துட்டு நான் சொல்றேன், ஸ்கிரீனை நம்பி என்னால சொல்ல முடியாதுன்னா. கனடாவுல இருக்கிறவ ஒரு இழை நூலைத் தபால்ல அனுப்பிட்டு ஒரு மாசம் உக்காந்திருப்பாளா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் அவ மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்கிறவ அவ. சரி, நீ நவுரு, நான் பாத்துக்கிறேன்னு நானே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டேன்.

மொதப் பத்துப் பார்சல்ல ஏழு திரும்பி வந்துச்சு.

எனக்கு எப்படி இருக்கும்? நம்பரைச் சொன்னா இருட்டுல எடுக்கிறவன் நான். அப்ப கோளாறு எங்க? மெஷின்லதானே? நிவேதாவுக்குப் போன் பண்ணினேன். அது கேட்டுச்சு, அப்பா, அதுல கிராபிக்ஸ் டிரைவர் போட்டிருக்காங்களான்னு. எனக்கு என்ன தெரியும்? மொத ஆளு வந்து விண்டோஸ் போட்டுட்டு, அந்தக் கார்டுக்கு உரிய டிரைவரைப் போடாமலே போயிட்டான். படம் வரையிறது கார்டு, காட்டுறது ஸ்கிரீன், நடுவுல ஒருத்தன் எடுத்துச் சொல்லணும், அவன்தான் டிரைவராம். அவன் இல்லாம ஏதோ பொதுவா ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. படமெல்லாம் இழுத்துவிட்ட மாதிரி அகலமா இருந்துச்சு, சேலைக் கரையே தெரியலை, எழுத்தெல்லாம் ஊறிப் போன மாதிரி. இதைத்தான் நான் மூணு மாசமா முழிச்சு முழிச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். இது என் தப்பா?

ரெண்டாவது ஆளைக் கூப்பிட்டேன். டிரைவர் போட்டான். எழுத்து பளிச்சுன்னு ஆச்சு, அது உண்மை. ஆனா கறுப்புச் சேலை கறுப்பாவே தெரியலை, சிலேட்டைத் தண்ணி போட்டுத் தொடச்ச மாதிரி வெளுத்துக் கெடந்துச்சு. கேட்டா, அந்த டிரைவருக்குள்ள ஏதோ ஒரு அளவு டி.வி.க்குப் போடுற மாதிரி இருக்காம், கம்ப்யூட்டருக்கு முழுசா வைக்கணுமாம். இதை நான் கேட்டதுக்கு அப்புறம் சொல்றான். அதை மாத்தினான். மாத்திட்டு, கலர் தூக்கலா இருக்கட்டும்ணேன்னு இன்னொண்ணை ஏத்திவிட்டுப் போயிட்டான். மறுநாள் பாத்தா மஞ்சள் சேலை கண்ணைக் குத்துது. அதைப் பாத்து நான் பிட்டு அனுப்பி, அதுவும் திரும்பி வந்துச்சு. இவனுங்களை எல்லாம் என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க.

மூணாவது ஆளு வேற கதை சொன்னான். பிரவுசர்தான் காரணமாம். ஒரே போட்டோவை ரெண்டு பிரவுசர்ல பக்கத்துல பக்கத்துல திறந்து காட்டினான். போன்ல எடுக்கிற போட்டோவுக்குள்ள, இந்தக் கலரை இப்படித்தான் காட்டணும்னு ஒரு குறிப்பு இருக்காம். ஒரு பிரவுசர் அதைப் படிச்சு நடக்குமாம், இன்னொண்ணு சரியாப் படிக்காதாம். பாருங்கண்ணே, இதுல செவப்பு எப்படி இருக்கு, அதுல எப்படி இருக்குன்னான். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு. ஆனா படிச்சவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும். சாயங்காலமானா ஸ்கிரீன் தானா மஞ்சளடிக்கிற மாதிரி ஒண்ணு வச்சிருந்தாங்க, அதையும் அவன்தான் நிறுத்தினான். அப்ப இத்தனை கோளாறு இதுக்குள்ள இருந்திருக்கு. பாத்தீங்களா? நான் சும்மா சொல்லலை.

நீங்க உங்க வேலையைப் பாருங்க தம்பி, நான் பேசிக்கிட்டே இருக்கேன். அது என்ன, எலி மாதிரி ஒண்ணை ஸ்கிரீன்ல தொங்க விடுறீங்க? கலரை அளக்கிற மெஷினா? நல்லா அளங்க. நல்லா அளந்து எழுதுங்க.

இப்ப அந்தக் கல்யாண ஆர்டருக்கு வர்றேன். ஈரோட்டுல ஒரு வீடு. பொண்ணோட அம்மா பேரு கோமளவல்லி. இப்பெல்லாம் பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் ஒரே மாதிரி சேலை கட்டுறாங்கல்ல, அப்படிப் பதினெட்டுப் பேருக்குச் சேலை எடுத்துட்டு, அதுக்குப் பிட்டு கேட்டுப் போட்டோவை ஏத்தியிருந்தாங்க. ஸ்கிரீன்ல திறந்தேன். சாம்பல். நல்ல வெளிர் சாம்பல். எனக்கே ஒரு நிமிசம் தோணுச்சு, கல்யாணத்துக்கு எவளாவது சாம்பல்ல எடுப்பாளான்னு. அப்புறம், இப்பத்தான் எல்லாம் ஃபேஷனாச்சே, நமக்கென்னன்னு, ஜெயக்கொடியைக் கூப்பிட்டு இருநூத்தி முப்பத்தொண்ணுல பதினெட்டுப் பிட்டு வெட்டுன்னேன். இது ரெண்டு தடவை கேட்டுச்சு, இருநூத்தி முப்பத்தொண்ணாண்ணேன்னு. ஆமான்னேன். வெட்டிக் கட்டிருச்சு.

தவமணி அப்பத்தான் வீட்டுல இருந்து சோறு எடுத்துக்கிட்டு வந்தா. பார்சலைப் பாத்தா. யாருக்குன்னு கேட்டா. சொன்னேன். தன் போனை எடுத்து அந்தப் போட்டோவைத் திறந்து பாத்தா. பாத்துட்டு, இது ரோஸுங்க, எண்பத்தெட்டு, இதைப் போயி சாம்பல்ல வெட்டியிருக்கீங்களேன்னா. போன்ல எல்லாம் தூக்கலாத்தான்டி காட்டும், கம்ப்யூட்டர்ல பாருன்னேன். வந்து பாத்தா. இங்கயும் ரோஸுதாங்கன்னா. நான் பாக்குறேன், சாம்பல். அவ பாக்குறா, ரோஸுங்குறா. ஒரே ஸ்கிரீன் தம்பி. எண்பத்தெட்டுல ஒரு பிட்டை எடுத்துட்டு வந்து ஸ்கிரீன் பக்கத்துல வச்சு, இந்தா பாருங்கன்னு என்கிட்டக் காட்டுறா. கடையில அன்னைக்குக் கூட்டம். நம்ம ஆளுங்க அஞ்சு பேர் நிக்கிறாங்க. மேட்டுப்பட்டி டீச்சரும் அவங்க மாமியாரும் சேலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அத்தனை பேர் முன்னாடி, புருசனுக்குக் கலர் தெரியலைங்கிற மாதிரி என்னை நிக்க வைக்கிறா.

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ. உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாடி, குருடின்னு கத்திட்டேன். இருபத்திரண்டு வருசத்துல நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனா அவ மட்டும் லேசுப்பட்டவளா? வீட்டுலயும் இதே ரோதனைதான். தக்காளி வாங்கிட்டு வந்தா பாதி காய்ங்கிறா. கொடியில கெடக்கிற சட்டையை நானா எடுத்துப் போட்டா, இருங்க நான் எடுத்துத் தர்றேங்குறா. எனக்குன்னு வெள்ளைச் சட்டையாவே வாங்கிக் குடுத்து என்னைக் கட்சிக்காரன் மாதிரி ஆக்கி வச்சிருக்கா. ஒரு மனுசன் எவ்வளவுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறது?

அவ பிட்டை மேசையில வச்சுட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. வீட்டுக்குத்தான் போறான்னு நெனச்சேன். ராத்திரி நான் போன் பண்ணிப் பாத்தா, சின்னாளபட்டியில இருக்கா.

பார்சலை அன்னைக்கே அனுப்பினேன். ஆமா, சாம்பலைத்தான் அனுப்பினேன். நாலாம் நாள் அந்தக் கோமளவல்லியம்மா போன் பண்ணிக் காதுல ரத்தம் வர்ற மாதிரி பேசுச்சு. எங்க வீட்டுல நடக்கிறது கல்யாணம், கருமாதி இல்லைன்னுச்சு. அந்தச் சேலை ரோஸு. சரி, ரோஸுதான், ஒத்துக்கிறேன். சேலை ரோஸு இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்? கம்ப்யூட்டர்ல சாம்பலாத் தெரிஞ்சதுங்குறேன். அதானே விசயம்? தவமணி போன்ல ரோஸைப் பாத்துட்டு வந்தா, அந்த நெனப்புலயே கம்ப்யூட்டரையும் பாத்தா, அதனால ரோஸுன்னா. மனசுல ஒண்ணு இருந்தா கண்ணு அதைத்தானே பாக்கும்? ஜெயக்கொடியும் ரோஸுன்னுதான் சொல்லுச்சு, அதை நான் கணக்குல எடுக்கலை. அக்கா சொன்னா இது பகலை ராத்திரிம்பா. ஒண்ணும் தெரியாம நேரா ஸ்கிரீனைப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். அதனால கோளாறு டிரைவர்லயோ பிரவுசர்லயோ எங்கயோ இருக்கு. நீங்க அதைக் கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, அவளும் தப்பில்லை, நானும் தப்பில்லை. மெஷின் தலையில போட்டுட்டுக் கூட்டிட்டு வந்துருவேன். வீடு வீடா இல்லை தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, ஒரு மாசமா ஓட்டல் இட்லி.

என்ன, முடிஞ்சதா? என்ன சொல்லுது உங்க எலி?

நல்லாருக்குன்னா? என்ன நல்லாருக்கு? எல்லாக் கலரும் சரியாக் காட்டுதா? டிரைவர் சரியா இருக்கு, பிரவுசர் சரியா இருக்கு. சரி, இப்ப சரியா இருக்கும், மூணாவது ஆளு வந்துட்டுப் போன அப்புறம் சரியா இருக்கும். அன்னைக்கு இல்லைல்ல? மூணாவது ஆளு எப்ப வந்தான்னா கேக்குறீங்க? ஜெயக்கொடி, எப்ப வந்தான்? கல்யாண ஆர்டருக்கு முந்தின வாரமா? இருக்கும். அதனால என்ன? மெஷினு இன்னைக்கு நல்லா இருக்கும், நாளைக்குக் கெட்டுப் போகும், அதுக்கு நேரம் காலம் உண்டா?

அந்தப் போட்டோவைத் திறக்கணுமா? திறங்க. அந்தா, ஈரோடு. பாத்தீங்களா? இப்பவும் சாம்பல். அச்சு அசலா அதே சாம்பல். இதைப் பாத்துட்டுமா உங்க மெஷினு நல்லாருக்குங்குது? உங்க மெஷினையே ஒருத்தர்கிட்டக் காட்டணும் போலிருக்கே. கோவிச்சுக்காதீங்க, எனக்கு வயிறு எரியுது, அதான் பேசுறேன்.

என்ன செய்யணும்? துணியா? கம்ப்யூட்டர் பாக்க வந்துட்டு எதுக்குத் துணி? சரி, ஜெயக்கொடி, தம்பி கேக்குற மாதிரி எடுத்துப் போடு. நம்பர் நாடாவை உள்பக்கமா மடிச்சு வைக்கணுமாம். பத்துப் பிட்டு. ரோஸை ஒரு பக்கம், சாம்பலை ஒரு பக்கம் பிரிக்கணும், அவ்வளவுதானே? இதென்ன பால்வாடி விளையாட்டு. இருபத்திரண்டு வருசமாத் துணி விக்கிறவனைப் பாத்து.

இது ரோஸ். இது சாம்பல். இது சாம்பல். இது ரோஸ். இதுவும். இது சாம்பல், இதுல என்ன சந்தேகம். இது கொஞ்சம் வெளிறின ரோஸ். இது சாம்பல், சாம்பல், இது ரோஸ். ஆச்சு. அஞ்சு இங்க, அஞ்சு அங்க.

ஏன் தம்பி ஜெயக்கொடியைப் பாக்குறீங்க? ஜெயக்கொடி, நீ எதுக்குத் தலையைக் குனியுற? நாடாவைத் திருப்பு, நம்பரைப் பாப்போம். எண்பத்தெட்டு. சரி, ரோஸ். அடுத்தது. இருநூத்தி முப்பத்தொண்ணா? ரோஸ் பக்கம் எப்படி வந்துச்சு? நீ மாத்தி வச்சியா? அடுத்தது திருப்பு. எண்பத்தொம்பது, அதுவும் ரோஸு. இது சாம்பல் பக்கத்துல கெடக்கே. இதையும் அதையும் வாசலுக்குக் கொண்டா. வெயில்ல பாக்குறேன். நவுருங்க தம்பி.

ரெண்டும் ஒண்ணுதானே. ஏ, ரெண்டும் ஒண்ணுதானே ஜெயக்கொடி? ரெண்டும் ஒண்ணா இல்லையா? வாயைத் தொறந்து சொல்லு.

இல்லையா.

எவ்வளவு வித்தியாசம்? லேசாவா? ரொம்பவா? ரொம்பங்குறா தம்பி.

சில பேருக்குப் பொறவியிலயே அப்படி இருக்குமா? செவப்பும் பச்சையும் கலந்து வர்ற கலரெல்லாம் பிடிபடாதா? அதெப்படி, எனக்கு எல்லாமே தெரியுதே? மஞ்சள் தெரியுது, நீலம் தெரியுது. கறுப்பு வெளுத்ததைக் கண்டுபிடிச்சவனே நான்தானே? எனக்கு அம்பத்தோரு வயசு, இத்தனை வருசமா ஒருத்தர்கூடச் சொல்லலையே. என்ன ஜெயக்கொடி? சத்தமாச் சொல்லு. தம்பி இருந்தா என்ன, சொல்லு.

இது வேலைக்குச் சேந்த அன்னைக்கே தவமணி சொன்னாளாம். 'அண்ணன்கிட்டக் கலர் பேரைச் சொல்லாதே, நம்பரை மட்டும் சொல்லு. ஏன்னு கேக்காதே. வெளியில பேசினா வேலை இருக்காது.' இதுகிட்ட மட்டும் இல்லை, வேலைக்கு வந்த ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லித்தான் உள்ள விட்டிருக்கா. அப்ப அந்த நாடா எல்லாம், வாடிக்கைக்காரங்களுக்காக இல்லை. எனக்காக. கடை முழுக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் என்னமோ மிலிட்டரின்னு பெருமையாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

கோவம் வராம என்ன தம்பி செய்யும்? இருபத்திரண்டு வருசம் ஒருத்தி பக்கத்துல படுத்து எந்திரிச்சுக்கிட்டு, இதை மறைச்சு வச்சிருக்கா. நான் என்ன பச்சப் புள்ளையா? சொல்லியிருந்தா செத்தா போயிருப்பேன்? அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி என்னை உக்கார விடாம இருந்திருக்கலாம்ல? நூல் வேணும், நூல் வேணும்னு மட்டும் சொன்னா நான் என்னத்தைக் கண்டேன்? ஸ்கிரீனை நம்பி என்னால சொல்ல முடியாதுன்னா. என்னால, என்னாலன்னுதான் சொன்னா. ஒரு தடவைகூட உங்களாலன்னு சொல்லலை.

அன்னைக்கும் சொல்லலையே.

குருடின்னு நான் கத்தினேன்ல, அப்ப அவ வாயைத் தொறந்தா தம்பி. நான் பாத்தேன். ஏதோ வந்துச்சு உதடு வரைக்கும். அப்புறம் நம்ம ஆளுங்களைத் திரும்பிப் பாத்தா, டீச்சரைப் பாத்தா, டீச்சரோட மாமியாரைப் பாத்தா. வாயை மூடிக்கிட்டா. பதில் இல்லாம முழிக்கிறா, ஜெயிச்சுட்டோம்டான்னு நான் நெனச்சேன். அவ ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தனை பேர் முன்னாடியும் குருடன் நான்தான். அந்த வார்த்தையை முழுங்கிட்டு, குருடிங்கிற பேரை வாங்கிக்கிட்டுப் போயிட்டா. போனவ கேட்டது என்ன? தப்பு என்னுதுன்னு சொல்லச் சொன்னா. என்ன தப்புன்னு சொல்லச் சொன்னாளா? அதை அவ கேக்கவே இல்லையே. சும்மா தப்புன்னு சொல்லியிருந்தா வந்திருப்பா, இது எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கு நான் நாப்பத்தோரு நாள் முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

காகிதமா? வேண்டாம் தம்பி. மெஷின்தான் நல்லா இருக்கே, அப்புறம் என்னன்னு எழுதுவீங்க. ஆனா அந்த மொத ஆளு டிரைவர் போடாமப் போனது போனதுதான், அதுல நான் மாற மாட்டேன்.

நீங்க இருங்க, போயிராதீங்க. ஜெயக்கொடி, உள்ள இருக்கிறவங்களை எல்லாம் கூப்பிடு. அன்னைக்கு நின்னவங்க எல்லாரும் வரட்டும். டீச்சர் வீட்டுக்குச் சாயங்காலம் நானே போயிக்கிறேன். நீ உன் போன்ல அக்காவுக்குப் போடு. என் போன்ல போட்டா எடுக்க மாட்டா. ஸ்பீக்கர்ல போடு. இப்படி மேசை மேல வை. எல்லாரும் கிட்ட வாங்க.

தவமணி, நான்தான். வச்சிராத. ஜெயக்கொடியை வையாத, நான்தான் போடச் சொன்னேன். இங்க எல்லாரும் நிக்கிறாங்க. கேட்டுக்கிட்டு இருக்காங்க. அந்த ஈரோட்டுச் சேலை ரோஸுதான். அன்னைக்குக் கம்ப்யூட்டர்லயும் ரோஸாத்தான் இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியலை. எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்லையாம்ல.

என்ன, மூக்கை உறிஞ்சுற?

அழுவாத தவமணி. ஏ, அழுவாதடி. கடையில எல்லாருக்கும் கேக்குது.